கூரையைப் பார்த்து வாங்க வேண்டிய இன்ஜின்

ரயில் நிலையத்தில் நிற்கிறவர் கண்ணுக்கு இன்ஜினின் முகமும் விலாவும் தெரியும், கூரை தெரியாது. மேசைமேல் ஓடும் மாடல் ரயிலில் இது தலைகீழாகிவிடுகிறது. நாம் எப்போதும் மேலேயிருந்துதான் பார்க்கிறோம், அதனால் கண் முதலில் போய் விழும் இடமே கூரைதான். டீசல் இன்ஜின் மாடலுக்கு இதனால் பெரிய சோதனை எதுவும் இல்லை. இரண்டு விசிறி, ஒரு புகைப்போக்கி, சில மூடிகள், அவ்வளவோடு அதன் கூரை முடிந்துவிடும். மின்சார இன்ஜினின் கதை வேறு. அதன் வேலை தொடங்குவதே கூரையில்தான். கம்பியிலிருந்து மின்சாரத்தை வாங்கும் பாண்டோகிராஃப், அதைத் தாங்கி நிற்கும் இன்சுலேட்டர்கள், உயர் அழுத்த மின்சாரத்தை உள்ளே இறக்கும் அமைப்புகள், சூட்டை வெளியேற்றும் விசிறிகள் எல்லாமே அங்கேதான் இருக்கின்றன. ஆகவே மின்சார இன்ஜின் மாடல் ஒன்றை எடைபோட உட்கார்ந்தால் கூரையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது என் கட்சி. முகம் அழகாக அமைந்து கூரை சோடையாக இருக்கும் மாடல், பெட்டியில் இருக்கும்வரைதான் நன்றாக இருக்கும்.

அயர்லாந்தைச் சேர்ந்த அக்யூராஸ்கேல் நிறுவனம் 2021இல் கொண்டுவந்த பிரிட்டிஷ் கிளாஸ் 92 மின்சார இன்ஜினின் மாடலை அந்தக் கண்ணோடுதான் கையில் எடுத்தேன். ஓஓ எனப்படும் 1:76.2 அளவு. அசல் இன்ஜினின் நீளம் 21.34 மீட்டர்; மாடல் 28 சென்டிமீட்டர். என்னிடம் இருப்பது, தொழிற்சாலையை விட்டு வந்தபோது அசலுக்கு இருந்த இரட்டைச் சாம்பல் வண்ணத்தில், சத்தம் எழுப்பும் டிகோடர் பொருத்தப்பட்ட பதிப்பு. விலாவில் கால்வாய்ச் சுரங்கத்தின் அடையாளமான மூன்று வளையங்கள் இருக்கின்றன.

அந்த வளையங்களைப் புரிந்துகொள்ளாமல் இந்த மாடலைப் புரிந்துகொள்ள முடியாது. ஆங்கிலக் கால்வாயின் அடியில் பிரிட்டனையும் பிரான்சையும் இணைக்கும் 50 கிலோமீட்டர் சுரங்கத்தை இரண்டாம் எலிசபெத் அரசியும் பிரெஞ்சு அதிபர் மித்தரானும் 1994 மே 6 அன்று திறந்துவைத்தார்கள். அதன் வழியாகச் சரக்கு ரயில்களையும், இரவுப் பயணிகள் ரயில்களையும் இழுப்பதற்கென்றே இங்கிலாந்தின் லஃபரோவில் இருந்த பிரஷ் டிராக்ஷன் தொழிற்சாலை 1993 முதல் 1996 வரை 46 இன்ஜின்களைக் கட்டியது. மின்கருவிகள் ஏ.பி.பி. நிறுவனத்தினுடையவை. ஐரோப்பாவின் எழுத்தாளர்கள், இசைமேதைகளின் பெயர்களை அவற்றுக்கு வைத்தார்கள். விக்டர் ஹியூகோ, பீத்தோவன், ஜேன் ஆஸ்டின், ஷேக்ஸ்பியர், சார்லஸ் டிக்கன்ஸ், கதே என்று நீளும் அந்த வரிசையைப் படித்தாலே, இந்த இன்ஜின்மேல் அன்று எவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தார்கள் என்பது விளங்கும்.

நம்பிக்கைக்குத் தக்கபடி வேலையும் கடினமானது. சுரங்கத்திலும் பிரிட்டனின் மேற்குக் கரைப் பாதையிலும் தலைக்கு மேலே 25,000 வோல்ட் மாறுமின்சாரக் கம்பி ஓடுகிறது. சென்னைக்கும் மதுரைக்கும் இடையே நம் ரயில்கள் பயன்படுத்துவதும் இதே 25,000 வோல்ட்தான். ஆனால் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் தொடங்கும் கென்ட் மாவட்டத்துப் பழைய பாதைகளில் கம்பி கிடையாது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு தண்டவாளம் போட்டு, அதில் 750 வோல்ட் நேர்மின்சாரம் விட்டிருக்கிறார்கள். கிளாஸ் 92 இரண்டிலும் ஓட வேண்டும். மேல்கம்பியின் கீழ் அதன் திறன் 5,040 கிலோவாட். மூன்றாவது தண்டவாளத்தில் 4,000 கிலோவாட். கணக்குப் போட்டுப் பாருங்கள். 25,000 வோல்ட்டில் அந்தத் திறனுக்குச் சுமார் 200 ஆம்பியர் போதும். 750 வோல்ட்டில் 5,000 ஆம்பியருக்கும் மேலே இழுக்க வேண்டும். ஒரே உடம்புக்குள் இந்த இரண்டு உலகங்களையும் அடக்கியதால்தான் அது ஆறு அச்சும் 126 டன் எடையுமாக வளர்ந்தது.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. கடலுக்கு அடியில் இன்ஜின் நின்றுவிடக் கூடாது. அதனால் முக்கியமான கருவிகளையெல்லாம் இரண்டிரண்டாக வைத்தார்கள். ஒரு பாதி செயலிழந்தாலும் மறுபாதி ரயிலை இழுத்துக்கொண்டு சுரங்கத்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். கூரையில் இரண்டு பாண்டோகிராஃப் இருக்கிற காரணமும் இதோடு சேர்ந்ததே. மாடலின் கூரையில் எதிரெதிராகப் படுத்திருக்கும் அந்த இரண்டையும் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நடந்தது வருத்தமானது. இன்ஜினின் மின்கருவிகள் கிளப்பிய குறுக்கீடு சிக்னல் சுற்றுகளைக் குழப்பிவிடக்கூடும் என்ற அச்சத்தால் மூன்றாவது தண்டவாளப் பாதைகளில் அனுமதி கிடைப்பது தாமதமானது. நைட்ஸ்டார் என்று பெயரிட்டு, பெட்டிகள்கூடக் கட்டிவிட்ட இரவு ரயில் திட்டம் மலிவு விமானங்களுக்கு முன்னால் நிற்க முடியாமல் கைவிடப்பட்டது. அந்தப் பெட்டிகளை 2000இல் கனடாவின் வியா ரயில் வாங்கிக்கொண்டது. சுரங்கச் சரக்கும் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. பல இன்ஜின்கள் வேலையில்லாமல் நின்றன. சில பல்கேரியாவுக்கும் ருமேனியாவுக்கும் போய் அங்கே உழைக்கின்றன. பிரிட்டனில் இன்று இவற்றின் கண்ணியமான வேலை, லண்டன் யூஸ்டனுக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையே ஓடும் கலிடோனியன் ஸ்லீப்பர் இரவு ரயிலை இழுப்பது. இரவு ரயிலுக்காகப் பிறந்த இன்ஜின், இருபதாண்டு கழித்து வேறொரு இரவு ரயிலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மாடலை வாங்குகிறவருக்கு இதில் ஒரு லாபம் உண்டு. அசல் பல கைகள் மாறியதால் மாடலுக்கும் பல வண்ணங்கள் கிடைக்கின்றன. 1990களின் சாம்பல், ஸ்லீப்பரின் ஆழ்ந்த நீலப்பச்சை, ஜெர்மானியச் சரக்கு நிறுவனத்தின் சிவப்பு என்று உங்கள் மேசை எந்தக் காலத்தில், எந்த ஊரில் இருக்கிறதோ அதற்கேற்ப எடுத்துக்கொள்ளலாம்.

இனி கூரைக்கு வருவோம். அசலில் இருப்பது பிரெக்னெல் வில்லிஸ் என்ற ஆங்கில நிறுவனத்தின் ஒற்றைக் கை பாண்டோகிராஃப். மாடலில் அதன் மேல்கை ஏறக்குறையத் தையல் ஊசியின் கனத்துக்கு வந்துவிட்டது. பழைய மாடல்களில் இந்த உறுப்பு தடித்து, இன்ஜினுக்கு மேலே ஒரு கட்டிலைக் கவிழ்த்த மாதிரித் தெரியும். இங்கே முழங்கை மடங்கும் இடம், கம்பியை உரசும் தலைப்பகுதி, அதன் இரு முனையிலும் கீழ்நோக்கி வளையும் கொம்புகள் எல்லாம் தனித்தனியாகத் தெரிகின்றன. அந்தக் கொம்புகள் அலங்காரத்துக்கு இல்லை. பாதை பிரியும் இடங்களில் பக்கத்துக் கம்பி குறுக்கே சரிந்து வரும்போது அதைத் தலைக்கு அடியில் மாட்டவிடாமல் மேலே ஏற்றிவிடுவது அவைதான். மாடலில் அவற்றின் வளைவைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள் என்றால், செய்தவர்கள் பொருளைப் படம் பார்த்து வரைந்ததோடு நிற்காமல் புரிந்துகொண்டும் செய்திருக்கிறார்கள் என்று பொருள்.

கூரையின் நடுப்பகுதியில் மெல்லிய உலோகத் தகட்டில் அரித்தெடுத்த வலைகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. மேசை விளக்கைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் வலைக்குக் கீழே ஆழம் இருப்பது தெரியும். வலை மாதிரி ஒரு படத்தை ஒட்டிவைக்கிற வேலை இங்கே நடக்கவில்லை. மேலிருந்து பார்க்கிற நமக்கு இந்த ஆழம் பெரிய விஷயம். 28 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பெட்டி, உள்ளே இயந்திரம் உள்ள இன்ஜினாக மாறுவது இந்த இடத்தில்தான் நிகழ்கிறது.

விலாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் அசலின் விலாவே பெரும்பாலும் சமதளத் தகடுதான். வண்ணம் சீராக ஏறியிருக்கிறது. இரண்டு சாம்பல்களும் சேரும் கோடு நேராக இருக்கிறது. கைப்பிடிகள் கம்பியால் செய்து தனியே செருகப்பட்டவை. கண்ணாடிகள் சட்டத்தோடு ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. சக்கரங்களைத் தாங்கும் போகிகளில் சுருள்வில்லும் பிரேக் குழாய்களும் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. முகப்பில் ஓட்டுநர் அறையின் விளக்கைப் போட்டால் உள்ளே மேசையும் இருக்கையும் புலப்படும்.

சத்தமுள்ள பதிப்பின் உயிரான வித்தை, பாண்டோகிராஃப் தானே எழுந்து நிற்பது. மாடல் ரயிலில் இன்று பரவலாக உள்ள டிசிசி முறையில், ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் டிகோடர் என்ற சிறு சில்லு இருக்கும். கட்டுப்பாட்டுக் கருவி தண்டவாளம் வழியாகவே கட்டளை அனுப்ப, தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் அந்தச் சில்லு எடுத்துக்கொள்ளும். இந்த மாடலில் உரிய பொத்தானை அழுத்தினால் சர்வோ மோட்டார் பாண்டோகிராஃபை மெதுவாகத் தூக்குகிறது. இரண்டையும் தனித்தனியாக ஆள முடிகிறது. இதில் என்னை ஈர்த்தது வேகம். பொம்மைபோல் வெடுக்கென்று எழாமல், அசலில் காற்றழுத்தம் ஏறஏற எழுவது போலவே நிதானமாக மேலே வருகிறது. அசல் மின்சார இன்ஜின்களில் பொதுவாக, காற்றுத் தொட்டி காலியாக இருந்தால் பேட்டரியில் ஓடும் சிறு கம்ப்ரசர் ஒன்று முதலில் காற்றைச் சேர்க்கும். பிறகு பாண்டோகிராஃப் எழும். கம்பியைத் தொட்ட பிறகே மற்ற கருவிகள் விழிக்கும். மாடலிலும் இந்த வரிசையை நாமே கடைப்பிடித்து ஓட்டலாம். முதலில் கம்ப்ரசர் சத்தம், அடுத்துப் பாண்டோகிராஃப், பிறகு விசிறிகள், கடைசியில் நகர்வு. அவசரப்படாமல் இப்படி ஓட்டினால்தான் கொடுத்த காசுக்குப் பலன்.

பாண்டோகிராஃப் கம்பியைத் தொட்டாலும் அதிலிருந்து மின்சாரம் எடுப்பதில்லை. மோட்டாருக்கு வேண்டியதெல்லாம் தண்டவாளத்திலிருந்தே வருகிறது. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. 1960களின் தொடக்கத்தில் ட்ரை-ஆங் நிறுவனம் வெளியிட்ட ஈஎம்2 மின்சார இன்ஜின் மாடலை மேல்கம்பியிலிருந்தே மின்சாரம் எடுத்து ஓடவைக்க முடிந்தது. அன்று அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒரே பாதையில் ஒரு ரயில் தண்டவாள மின்சாரத்திலும், இன்னொன்று மேல்கம்பி மின்சாரத்திலும் ஓடினால் இரண்டையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தலாம். டிசிசி வந்தபின் அந்தத் தேவை போய்விட்டது. ஆகவே இங்கே கம்பி வெறும் காட்சிப் பொருளாக இருப்பதில் எனக்கு மனக்குறை இல்லை.

கம்பியே இல்லாமல் ஓட்டுவதுதான் மனக்குறை. பாண்டோகிராஃபைத் தூக்கிக்கொண்டு வெறும் காற்றை உரசியபடி போகும் மின்சார இன்ஜின், எவ்வளவு நுணுக்கமாகச் செய்யப்பட்டிருந்தாலும், அரைகுறையாகத்தான் தெரியும். பிரிட்டனில் மாடல் நிறுவனங்கள் நெடுங்காலம் மின்சார இன்ஜின்களை ஒதுக்கிவைத்ததற்கு நீராவிமேல் உள்ள ஏக்கம் ஒரு காரணம்; கம்பி கட்டும் வேலைக்கு வாங்குகிறவர்கள் பயந்தது இன்னொரு காரணம். அந்த வேலை எளிதில்லை என்பது உண்மைதான். பிரிட்டனின் வழக்கமான கம்பி உயரம் தண்டவாளத்திலிருந்து 4.7 மீட்டர், நம் அளவில் 62 மில்லிமீட்டர். கம்பியை நேராகக் கட்டினால் பாண்டோகிராஃபின் கரித்தகடு ஒரே இடத்தில் தேய்ந்து பள்ளமாகும் என்பதால், கம்பத்துக்குக் கம்பம் இடமும் வலமுமாக மாற்றி இழுத்துக் கட்டுவார்கள். மாடலிலும் அப்படிச் செய்தால்தான் கண்ணுக்கு மெய்யாக இருக்கும். ஜெர்மனியின் சோமர்ஃபெல்ட் போன்ற நிறுவனங்கள் கம்பங்களும் கம்பிகளும் விற்கின்றன. இருந்தாலும் ஒவ்வொரு இணைப்பையும் சாலிடர் செய்து, இழுவிசை சமமாக வைத்து, வளைவுகளில் கம்பங்களை நெருக்கி நட்டு முடிக்கப் பொறுமை வேண்டும். அதன்பிறகு தண்டவாளத்தைத் துடைக்கக் கையை விட்டால், கம்பியில் இடிக்காமல் எடுப்பதற்கும் பொறுமை வேண்டும்.

மற்ற மின்சார இன்ஜின்களுக்கு இல்லாத ஒரு வழி கிளாஸ் 92க்கு இருப்பது இங்கேதான். இந்த மாடலை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வதும் இதைத்தான். உங்கள் மேசையைக் கென்ட் மாவட்டமாக்கிவிடுங்கள். மூன்றாவது தண்டவாளப் பாதையில் கிளாஸ் 92 இரண்டு பாண்டோகிராஃபையும் மடித்துப் படுக்கப்போட்டுக்கொண்டுதான் ஓடும். கம்பி இல்லாதது அங்கே குறையே இல்லை, அசலே அப்படித்தான். பீக்கோ நிறுவனம் இதற்கென மெல்லிய தண்டவாளமும், அதைத் தாங்கும் சிறு இன்சுலேட்டர்களும் விற்கிறது. ஓடும் தண்டவாளத்துக்கு வெளியே, சற்று உயரத்தில் அதை நட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். மூன்று விஷயங்களில் மட்டும் கவனம் வேண்டும். நடைமேடை உள்ள பக்கத்தில் அது வரக் கூடாது, எதிர்ப்பக்கத்துக்கு மாற்றிவிட வேண்டும். தவறி விழுகிறவர் அதன்மேல் விழாமல் இருக்க அசலில் செய்த ஏற்பாடு அது. பாதை பிரியும் இடங்களில் இடைவெளி விட வேண்டும். ஒவ்வொரு துண்டின் நுனியையும் கீழ்நோக்கிச் சரிக்க வேண்டும். அதை உரசி மின்சாரம் வாங்கும் இன்ஜினின் காலணி தட்டாமல் ஏறி இறங்குவது அந்தச் சரிவில்தான். இவற்றைச் செய்துவிட்டால் கன்டெய்னர் வேகன்களையும் கார் ஏற்றும் வேகன்களையும் பின்னால் மாட்டிக்கொண்டு, டாலண்ட்ஸ் மூர் யார்டிலிருந்து லண்டனை நோக்கிப் போகும் 1990களின் சரக்கு ரயில் ஒன்று உங்களுக்குக் கிடைத்துவிடும்.

டாலண்ட்ஸ் மூர் என்ற இடத்தையே மாடலாகச் செய்தால் இன்னும் நல்லது. ஃபோக்ஸ்டன் ஊருக்குப் பக்கத்தில், சுரங்கத்தின் வாயருகே உள்ள அந்த யார்டில் மேல்கம்பியும் உண்டு, மூன்றாவது தண்டவாளமும் உண்டு. சில அடி நீளத்துக்கு மட்டும் கம்பி கட்டினால் போதும். சுரங்கத்திலிருந்து வரும் ரயில் நிற்கும். பாண்டோகிராஃப் மெல்ல இறங்கும். மறுபடி புறப்படும்போது மூன்றாவது தண்டவாளத்தில் போகும். இந்த மாடலில் உள்ள சர்வோவுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இருக்க முடியாது.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்து துருவ மோட்டார், இரண்டு ஃப்ளைவீல், இரு போகிக்கும் இயக்கம். அசலின் உச்ச வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர். அதை 76.2ஆல் வகுத்தால் நொடிக்கு 51 சென்டிமீட்டர் வரும். ஒரு மீட்டரைக் கடக்க இரண்டு நொடி. பலர் மாடல் ரயிலை இதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டு, ஏன் இயல்பாகத் தெரியவில்லை என்று கேட்பார்கள். தண்டவாளத்தின் ஓரம் ஒரு மீட்டரை அளந்து குறியிட்டுக்கொண்டு அதற்குள் வேகத்தை அடக்கிப் பாருங்கள், கனரக இன்ஜினின் நடை வந்துவிடும். இந்த மாடலின் உண்மையான திறமை அதற்கும் கீழே, ஊர்ந்து போகும் வேகத்தில் தெரிகிறது. திக்காமல், குலுங்காமல் கிளம்புகிறது. உள்ளே இருக்கும் மின்தேக்கி, அழுக்குப் படிந்த இடத்தில் தொடர்பு ஒரு கணம் விட்டுப்போனாலும் சத்தமும் விளக்கும் அணையாமல் தாங்கிக்கொள்கிறது.

எடையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 126 டன்னை அளவுக்கேற்பக் குறைத்தால், அதாவது 76.2இன் மும்மடிப் பெருக்கத்தால் வகுத்தால், சுமார் 285 கிராம்தான் வரும். மாடல் அரைக் கிலோவைத் தாண்டுகிறது. வார்ப்பு உலோகச் சட்டத்தால் வந்த கனம் இது. நீளமான சரக்கு ரயிலைச் சக்கரம் வழுக்காமல் இழுக்க இந்த அதிகப்படி எடை தேவை.

சத்தம் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். டீசல் இன்ஜினின் உறுமலைக் கேட்டுப் பழகியவர்கள் இதில் அதைத் தேடக் கூடாது. கிளாஸ் 92 நிற்கும்போது எழுப்புவது விசிறிகளின் இரைச்சல். கிளம்பும்போது மின்மாற்றக் கருவிகள் படிப்படியாகச் சுருதி மாற்றிப் பாடும் ஓர் ஓசை. கூர்ந்து கேட்கிறவருக்கு அந்தப் படிகள் பிடிக்கும், எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் வீட்டில் மற்றவர்கள் இருக்கும்போது விசிறிச் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்வது நல்லது. விளக்குகளில் நான் மதிக்கும் அம்சம் ஒன்று உண்டு. பின்னால் பெட்டிகள் மாட்டியிருக்கும்போது இன்ஜினின் பின்புறச் சிவப்பு விளக்கு எரியக் கூடாது, ரயிலின் கடைசி வண்டியில்தான் எரிய வேண்டும். இதில் அதைத் தனியே அணைத்துவிட முடிகிறது.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் விமர்சனம் முழுமையாகாது. முதல் குறை இந்த ஒரு மாடலுக்கு உரியதில்லை, ஓஓ அளவுக்கே உரியது. இன்ஜின் 1:76 அளவில் இருக்கிறது. தண்டவாள அகலமோ 16.5 மில்லிமீட்டர். அசல் அகலம் 1,435 மில்லிமீட்டர். அதை ஒழுங்காகக் குறைத்தால் 18.83 வர வேண்டும். தொடக்க காலத்தில் பிரிட்டனின் ஒல்லியான இன்ஜின்களுக்குள் அன்றைய பெரிய மோட்டார்களை அடைக்க முடியாமல் உடம்பை மட்டும் பெரிதாக்கிக்கொண்டதன் மிச்சம் இது. பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. நேர் எதிரே தண்டவாள மட்டத்தில் கண்ணை வைத்தால், இவ்வளவு பெரிய உடம்பு ஒடுங்கிய கால்களில் நிற்பது புலப்படும். மனம் ஒப்பாதவர்கள் சக்கரங்களை அகன்ற பாதைக்கு மாற்றிக்கொள்ள இடம் விட்டிருக்கிறார்கள்.

அடுத்தது இணைப்புக் கொக்கி. முகப்பின் அடியில் பிரேக் குழாய்களையும் கேபிள்களையும் முழுவதும் மாட்டினால்தான் அழகு. மாட்டினால் வேகனை இழுக்கும் கொக்கிக்கு இடம் நெருக்கடியாகிறது. எனவே ஒரு முனையை அலங்கரித்து, மறுமுனையை வேலைக்கு விடுவதுதான் நடைமுறை. இன்ஜினை எப்போதும் ஒரே திசையில் பார்க்க நேர்வதற்கு இது வழிவகுக்கிறது.

வளைவிலும் கவனம் தேவை. 438 மில்லிமீட்டர் ஆரம், அதாவது குறித்த அளவுகளில் ஆயத்தமாக விற்கும் தண்டவாளத் துண்டுகளில் இரண்டாம் ஆரம் எனப்படும் வளைவு வரை திரும்பும் என்று சொல்லியிருக்கிறார்கள், திரும்புகிறது. ஆனால் அந்த வளைவில் இன்ஜினின் மூக்கு வெளியே நீண்டு தொங்கும், பாண்டோகிராஃபும் கம்பிக்கு நேராக நிற்காது. இடம் இருந்தால் வளைவைத் தாராளமாக விடுங்கள்.

கையில் எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. உடம்பின் நடுவில் எங்கே பிடிப்பது என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும், கூரையின் பக்கம் விரல் போகவே கூடாது. பாண்டோகிராஃப் மடங்கிய நிலையில் இருக்கும்போதுதான் பெட்டியிலிருந்து எடுக்கவும் திரும்ப வைக்கவும் வேண்டும். சிறு குழந்தைகள் விளையாடும் பொருள் இல்லை இது. அவர்களுக்கு ஹார்ன்பி நிறுவனம் முன்பு வெளியிட்ட எளிய கிளாஸ் 92 மாடலைப் பழைய பொருள் சந்தையில் தேடி வாங்கிக் கொடுங்கள். நுணுக்கம் குறைவு, ஆனால் தாங்கும்.

விலையை மறைக்க வேண்டியதில்லை. சத்தமுள்ள பதிப்புக்கு 200 பவுண்டுக்கு மேலேயே எடுத்துவைக்க வேண்டும். இந்தியாவுக்கோ இலங்கைக்கோ வரவழைத்தால் அஞ்சல் செலவும் சுங்க வரியும் அதன் தலையில் ஏறும். வாங்குவதற்கு முன் இரண்டையும் விசாரித்துக் கூட்டிப் பாருங்கள். டிகோடர் இல்லாத பதிப்பு மலிவு. அதில் 21 முனைச் செருகுவாய் இருக்கிறது, பின்னால் டிகோடர் வாங்கிப் பொருத்தலாம். அதுவரை பழைய நேர்மின்சாரக் கட்டுப்பாட்டுக் கருவியில் அது ஓடும், ஆனால் பொத்தானை அழுத்திப் பாண்டோகிராஃபைத் தூக்கும் வசதி கிடைக்காது. நம் ஊர்த் தூசியில் வைத்து ஓட்டுகிறவர்கள் கண்ணாடி மூடியோடு ஓர் அலமாரியையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். அந்த மெல்லிய முழங்கைகளில் தூசி ஏறினால் துடைப்பது கடினம். மென்மையான தூரிகையைத் தவிர வேறெதையும் கூரைக்கு அருகே கொண்டுபோகாதீர்கள்.

என் தீர்ப்பு இதுதான். டிசிசி கருவி ஏற்கெனவே வைத்திருப்பவர் தயங்காமல் சத்தமுள்ள பதிப்பை வாங்கலாம். டிசிசி இல்லாதவர், கூரையின் வேலைப்பாட்டுக்காக மட்டுமே டிகோடர் இல்லாத பதிப்பை எடுத்து, மூன்றாவது தண்டவாளம் போட்டு, பாண்டோகிராஃபை மடித்தபடியே ஓட்டினால் எந்தக் குறையும் தெரியாது. இரண்டுக்கும் மனமில்லாதவர், கம்பியும் இல்லாமல் மூன்றாவது தண்டவாளமும் இல்லாமல் வெறும் பாதையில் இதை ஓட்ட நினைப்பவர், அந்தப் பணத்துக்கு நல்ல டீசல் இன்ஜின் மாடல் ஒன்றை வாங்கிக்கொள்வதே நல்லது.